ஆள் அசைந்தால் சொல்லும் ரூட்டர்: ஏழு மாதம் வைத்திருந்து பார்த்தது

டிவி மேல் இரண்டு கொம்பு ஆன்டெனா வைத்திருந்த காலத்தில் நான் டிவி மெக்கானிக். கொம்பைத் திருப்பித் திருப்பிப் படத்தைக் கொண்டுவந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இரண்டடி நகர்வேன். உடனே திரை முழுக்கப் புள்ளி. "அண்ணே, நீங்க அங்கேயே நில்லுங்க" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்! மனுஷ உடம்பு ரேடியோ அலைக்குக் குறுக்கே நிற்கும், சமயத்தில் அதற்குக் கைகொடுக்கவும் செய்யும் என்பது எனக்கு அப்படித்தான் தெரியும். அன்றைக்கு அது தொழிலில் ஒரு தொல்லை. இன்றைக்கு அதையே 'வைஃபை சென்சிங்' என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள்.

நான் வாங்கியது மூன்று பெட்டிகள் கொண்ட ஒரு மெஷ் ரூட்டர் செட், அதாவது பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் வகை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதி இந்த வகைப் பொருள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், ஒருவரை மட்டும் பிடித்து உலுக்குவது நியாயமில்லை. இணைய வேகத்தைப் பற்றியும் எழுதப்போவதில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது.

வாங்கிய காரணம் அம்மா. வயது 79. கீழே தனியாகப் படுக்கிறார், நாங்கள் மாடியில். போன வருடம் ஒரு ராத்திரி குளியலறை வாசலில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பெரிய அடி இல்லை. ஆனால் விடிகிற வரை கூப்பிடவே இல்லை. கேட்டால், "தூங்கறவனை எதுக்கு எழுப்பணும்?" கேமரா வைக்கலாமா என்றேன். "நான் துணி மாத்தறதையும் நீ போன்ல பார்ப்பியா?" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. கழுத்தில் மாட்டும் அவசர பட்டன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அது ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. அகச்சிவப்பு சென்சார் இரண்டு ஒட்டினேன். உடம்புச் சூடு நகர்வதை வைத்து அவை சொல்லும், ஆனால் நேர் எதிரே இருந்தால்தான். கதவைச் சாத்தினால் குருடு. பேட்டரி எப்போது செத்தது என்பதையும் நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

இந்த ரூட்டருக்கு அந்தத் தொந்தரவுகள் கிடையாது. மூன்று பெட்டிகளும் எப்படியும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பெட்டி அனுப்பும் அலை நேராகவும் போகும், சுவர், கூரை, தரை, பீரோ என்று பட்டுத் தெறித்தும் போகும். மறுமுனைக்கு வருவது இதெல்லாம் சேர்ந்த கலவை. வழியில் அலை எப்படிக் கலைந்தது என்று தெரிந்தால்தான் உள்ளே இருக்கும் டேட்டாவைப் படிக்க முடியும். அதனால் வாங்கும் பெட்டி அதை அளந்தே தீரவேண்டும். அந்த அளவுக்குச் சேனல் ஸ்டேட் இன்ஃபர்மேஷன் என்று பெயர், சுருக்கமாக சிஎஸ்ஐ. நம் போனில் தெரியும் சிக்னல் கோடுகளுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு எண். சிஎஸ்ஐ அப்படி இல்லை. வைஃபை சேனலே நிறைய மெல்லிய துண்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு துண்டிலும் அலை எவ்வளவு பலமாக வந்தது, தன் ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில் வந்தது என்று தனித்தனிக் கணக்கு உண்டு. அறையில் யாரும் அசையாவிட்டால் இந்த எண்கள் ஏறத்தாழ அப்படியே நிற்கும். யாராவது குறுக்கே நடந்தால் எல்லாம் ஆட ஆரம்பிக்கும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது அலையை விழுங்கவும் செய்யும், திருப்பி அடிக்கவும் செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ., 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 செ.மீ. அப்படியென்றால் கையை ஒரு சாண் நகர்த்துவதே அந்த அலைக்குப் பெரிய நகர்வு.

இது எனக்கு முழுக்கப் புதிதில்லை. 2011-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிலர், இன்டெல் 5300 என்கிற சாதாரண மடிக்கணினி வைஃபை கார்டிலிருந்து இந்த எண்களை வெளியே எடுக்க ஒரு மென்பொருள் வெளியிட்டார்கள். அதுவரை அவை சிப்புக்குள்ளேயே பிறந்து அங்கேயே அழிந்துகொண்டிருந்தன. உலகம் பூராவும் மாணவர்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்கியதற்கு அந்த மலிவான கார்டு ஒரு முக்கியக் காரணம். என் பழைய மடிக்கணினி ஒன்றிலும் அதே கார்டு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். சாயங்காலம் திரையில் முப்பது கோடுகள் ஓடின. நாற்காலியை விட்டு எழுந்தேன், முப்பதும் நெளிந்தன. பழைய டிவிப் புள்ளிகள்தான் ஞாபகம் வந்தன.

சரி, பெட்டிக்கு வருவோம்.

மாட்டுவதற்கு அரை மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். மாட்டுவது அரை மணிதான், சரியான இடம் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கையேட்டில் இருக்கும் படத்தில் ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் வட்டம் போட்டிருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். பெட்டியைச் சுற்றி இது பார்ப்பதில்லை, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே பார்க்கிறது. உருளைக்கிழங்கை நீளவாக்கில் வைத்ததுபோல ஒரு பகுதி. அதன் இரு முனையிலும் பெட்டிகள். அந்த உருளைக்கிழங்குக்குள் நடந்தால் உடனே பிடிக்கும், வெளியே போகப் போக மந்தம். நான் முதலில் உயரமாக இருக்கட்டும் என்று கீழறைப் பெட்டியை இரும்பு பீரோ மேல் வைத்தேன். அம்மா கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடக்கும் பாதை முழுக்க பீரோவின் நிழலில் விழுந்துவிட்டது. ஆப் 'அமைதி' என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா முகம் கழுவிவிட்டு வெளியே வருகிறார்! கடைசியில் ஒரு பெட்டி குளியலறைக்கு வெளியே இடுப்பு உயரத்தில், இன்னொன்று கட்டிலுக்கு அந்தப் பக்கம் மேசைமேல். பாதை அப்படியே நடுவில் வந்தது. அன்றிலிருந்து, பின்னால் சொல்லப்போகும் ஒரு ராத்திரியைத் தவிர, அவர் எழுந்து நடந்ததை ஒருநாள் கூட இது தவறவிடவில்லை. இருட்டிலும் சரி, கதவு சாத்தியிருந்தாலும் சரி. இந்த ஒரு வேலையில் இதற்கு முழு மதிப்பெண்.

பொய் அலாரம் பற்றிச் சொல்ல வேண்டும். கூரை மின்விசிறி ஒரே சீராகச் சுற்றுவதால் இரண்டே நாளில் மென்பொருள் அதைக் கழித்துவிடக் கற்றுக்கொண்டது. தலையாட்டும் மேசை விசிறியை மட்டும் இன்று வரை ஒரு ஆளாகத்தான் நினைக்கிறது. ஜன்னல் திரை காற்றில் ஆடினால் சில சமயம். துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் குதிக்கும்போது எப்போதும். பூனைக்கு ஒரு தனி அமைப்பு இருக்கிறது, சிறு பிராணிகளை விலக்கு என்று. அதைப் போட்டால் தரையில் நடக்கும் பூனையை விட்டுவிடும், மேசைமேல் தாவும் பூனையை விடாது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பீரோ விஷயம் வேறு. ஒரு நாள் ராத்திரி பதினோரு மணியிலிருந்து கீழே எந்த அசைவும் பதிவாகவில்லை. காலையில் பதறிப்போய் இறங்கினால் அம்மா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ராத்திரி வழக்கம்போல எழுந்தாராம். நடந்தது என்னவென்றால், படுக்கும்முன் பீரோ கதவைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டார். ஆளுயர இரும்புத் தகடு ஒன்று தொண்ணூறு டிகிரி திரும்பி நின்றால் அறைக்குள் அலை போகும் வழியே மாறிவிடும். பெட்டி பழகி வைத்திருந்த 'சும்மா இருக்கும் அறை' இப்போது வேறு அறை. புது அறையைப் பழகிக்கொள்ள அது நேரம் எடுத்தது, அதற்குள் ராத்திரி போய்விட்டது. இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு வசதியும் தெரிகிறது. அசையும் ஆள் மட்டுமில்லை, இடம் மாறிய பொருளும் இந்த எண்களில் தெரியும். பீரோ திறந்திருக்கிறது, வாசல் இரும்புக் கதவு சாத்தவில்லை என்று சொல்லும் ஒரு ஆப்பை யாராவது செய்யலாம். என்னுடையது செய்வதில்லை. குழம்பி மட்டும் போகிறது.

ஆளைப் பிடிக்கத் தெரிந்த பெட்டிக்கு ஆள் யார் என்று தெரியாது. இரண்டாவது மாதம் ஒரு வாரத்துப் பதிவைப் பார்த்தேன், தினமும் ராத்திரி நான்கு தடவை நடமாட்டம். சர்க்கரையாக இருக்குமோ என்று பயந்து, டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "நான் ரெண்டு தடவைதான்டா எழுந்திருக்கிறேன். மத்த ரெண்டு தடவை நீ வந்து எட்டிப் பாத்துட்டுப் போற" என்றார். உண்மைதான். பெட்டி வாங்கிய பிறகு நான் எட்டிப் பார்ப்பது அதிகமாகியிருந்தது. ஆனாலும் டாக்டரிடம் போனோம், சர்க்கரை இல்லை.

இனி பெரிய குறை. அசையாத ஆள் இதற்கு ஆளே இல்லை. நான் வாங்கியதே விழுந்துவிட்டால் தெரியவேண்டும் என்றுதான். அதனால் அம்மா வெளியே போயிருந்த ஒரு மதியம் நானே குளியலறை வாசலில் மல்லாக்கப் படுத்துப் பார்த்தேன். விழுந்த அசைவு பதிவானது. அதன்பின் சில நிமிடங்களுக்குள் ஆப் 'அமைதி' என்று மாறிவிட்டது. எழுந்து நடந்து போய்க் கட்டிலில் படுத்தவருக்கும், விழுந்து கிடப்பவருக்கும் ஒரே பச்சை விளக்கு. விழுதல் அலாரம் என்று இந்தப் பெட்டியில் எதுவும் கிடையாது. விளம்பரத்தில் 'குடும்பத்தின் நலம்' என்று இருக்கிறது. நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் இது பாதுகாப்புச் சாதனமோ மருத்துவச் சாதனமோ இல்லை என்றும் இருக்கிறது. வாங்குபவர்கள் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கவும்.

எனக்கு உதவியது வேறொன்று. 'காலை ஏழரை வரை அசைவு இல்லையென்றால் சொல்' என்று தலைகீழாக ஒரு விதி போட முடிகிறது. அம்மா ஆறு மணிக்கு எழுகிறவர். இந்த விதி ஏழு மாதத்தில் மூன்று தடவை கத்தியது. ஒன்று மேலே சொன்ன பீரோ. ஒன்று அவர் நிஜமாகவே அசந்து தூங்கியது. மூன்றாவது, விடியற்காலையில் பெட்டி தானாகவே மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி கிளம்பியது. மின்சாரம் போனால் சென்சிங்கும் போகும், ஒரு சிறிய யுபிஎஸ் இல்லாமல் இதை நம்ப வேண்டாம்.

மூச்சு எண்ணும் வசதி ஒன்று 'சோதனை நிலை' என்று ஒளிந்திருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குவது சில மில்லிமீட்டர்தான். ஆனால் அலை நெஞ்சுவரை போய்த் திரும்புவதால் பாதை நீளம் அதைப்போல இரு மடங்கு மாறும். 6 செ.மீ. அலையில் அந்த மாற்றம் தெரியும், கணக்குப்படி சரிதான். நான் விசிறியை நிறுத்தி, இரண்டு பெட்டிக்கு நடுவே தனியாகப் படுத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நான் எண்ணியது 15, ஆப் சொன்னது 14. அசந்துபோனேன். விசிறியைப் போட்டேன், 31 என்றது. அறைக்குள் பூனை வந்தது, எண்ணே காணாமல் போனது. விசிறி இல்லாமல் தூங்குகிற, பூனை இல்லாத, தனியாகப் படுக்கிறவர்களுக்கு இந்த வசதி.

இந்தப் பெட்டியில் எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மூன்றாவது பெட்டியை மாடியில், பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் ஓரம் வைத்திருந்தேன். உணர்திறனை 'அதிகம்' என்று போட்ட வாரம், நாங்கள் எல்லோரும் வெளியே இருந்த நேரங்களில்கூட அங்கே நடமாட்டம் காட்டியது. முதலில் திருடன் என்று நினைத்தேன், அப்புறம் பொய் அலாரம் என்று. பத்து நாள் பதிவை வரிசையாக வைத்துப் பார்த்தபோது அது மணி பிசகாமல் வருவது தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வேலைக்குக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம். அவர் ஒரு பட்டனையும் அழுத்தவில்லை, எந்த நிபந்தனைக்கும் சம்மதிக்கவில்லை. அவர் போனில் என் ரூட்டர் சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. என்றாலும் அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று என் ஆப்புக்குத் தெரிகிறது. கேமராவைச் சுவருக்குள் ஓட்டை போட்டுத்தான் அந்தப் பக்கம் காட்ட முடியும். இதற்கு ஓட்டை வேண்டாம். வைஃபை செங்கல் சுவரைத் தாண்டும் என்பதற்காகத்தானே நாம் அதை வாங்குகிறோம்.

2013-இலேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபாதெல் அதீப், தினா கதாபி என்ற ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். சுவரிலிருந்து வரும் எதிரொலி மிகப் பலமானது, ஆளிடமிருந்து வருவது அதில் அமுங்கிவிடும். அவர்கள் இரண்டு ஆன்டெனாக்களிலிருந்து அனுப்பி, அசையாத பொருள்களின் எதிரொலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி சரிக்கட்டினார்கள். மிஞ்சியது அசைகிறவர்கள் மட்டும். 2025-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகத்தார் 197 பேரை நடக்கவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ரூட்டர் அலையை எந்தப் பக்கம் குவிக்க வேண்டும் என்று சாதனங்கள் அதற்குத் திருப்பிச் சொல்லும் தகவல் ஒன்று உண்டு. அது பூட்டில்லாமல் காற்றில் போகிறது. அதை ஒட்டுக்கேட்டே நடப்பவர் யார் என்று கிட்டத்தட்டப் பிசகில்லாமல் சொன்னது, முன்பே அவர்களைப் பழகவைத்த மென்பொருள். நடப்பவர் கையில் போன்கூட இருக்கத் தேவையில்லை. அம்மாவையும் என்னையும் பிரித்துச் சொல்லத் தெரியாத என் பெட்டியைப் பார்த்துச் சிரித்தேன் அல்லவா, இதைப் படித்த பிறகு அது தெரியாமலே இருக்கட்டும் என்று தோன்றியது.

அன்றே மாடிப் பெட்டியை எடுத்துக் கூடத்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். மாடியில் இணைய வேகம் கொஞ்சம் குறைந்தது, பையன் இரண்டு நாள் முறைத்தான். அந்தப் பத்து நாள் பதிவை அழிக்கப் போனால், அழிக்கும் பட்டன் ஆறு திரை தாண்டி உள்ளே இருக்கிறது. ஒருநாள் பதிவை மட்டும் எடுக்க முடியாது, அழித்தால் எல்லாம் போகும். எல்லாவற்றையும் அழித்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேனா என்று கேட்டால், சொன்னேன். "ஓஹோ" என்றார். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மறுவாரம் அதே செட்டை வாங்க எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

இன்னும் சில விஷயங்கள் சட்டென்று. நடந்தால் விளக்கு எரியும்படி இணைக்கலாம், ஆனால் இரண்டு மூன்று விநாடி தாமதம் இருக்கிறது. அதற்குள் அம்மா சுவர் சுவிட்சைப் போட்டுவிடுகிறார். விளக்குக்கு அகச்சிவப்பு சென்சாரே மேல். ஒரு வாரத்துக்கு முந்தைய பதிவைப் பார்க்க மாதச் சந்தா கேட்கிறார்கள். கணக்கெல்லாம் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது என்கிறார்கள், ஆனால் 'எத்தனை மணிக்கு அசைவு' என்ற பட்டியல் அவர்கள் சர்வரில்தான் இருக்கிறது. சேவை மையத்தில் கேட்டபோது, பீரோவை நகர்த்திப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். வேறு கம்பெனி ரூட்டரோடு இந்த சென்சிங் சேராது. வைஃபைக்குத் தரம் வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு இதற்கென்றே 802.11பிஎஃப் என்ற பொதுத் தரத்தை 2025-இல் முடித்திருக்கிறது, ஆனால் என் பெட்டி அதற்கு முந்தியது. அவசரமில்லாதவர்கள் அந்தத் தரத்தில் வரும் பெட்டிகளுக்குக் காத்திருக்கலாம். அப்போது ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது எளிதாகும் என்று நினைக்கிறேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். ரூட்டர் வாங்கவேண்டிய நேரம் வந்து, கூடவே இதுவும் வந்தால் வாங்கலாம். சென்சிங்குக்காக மட்டும் வேண்டாம். விழுந்தால் தெரியவேண்டும் என்பவர்கள் அதற்கென்றே இருக்கும் ரேடார் சென்சாரையோ கழுத்துப் பட்டனையோதான் பார்க்க வேண்டும், பட்டனை மாட்டிக்கொள்ளச் சம்மதிக்கவைப்பது உங்கள் சாமர்த்தியம். நான் சந்தாவை நிறுத்திவிட்டேன். மாடியில் சென்சிங்கை அணைத்துவிட்டேன். கீழறையில் அந்த ஏழரை மணி விதி மட்டும் ஓடுகிறது. தூங்கவேண்டும் என்று தோன்றும் நாள்களில் அம்மா முந்தின ராத்திரியே மாடிப்படி அடியில் நின்று, "நாளைக்கு எட்டு மணின்னு மாத்திவைடா" என்று குரல் கொடுக்கிறார்.